கட்டில் மட்டும் போதாது

கொரோனா முதல் அலையில் நான் ஐசியூ நர்ஸ். வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறப் படுக்க வைக்க எங்களில் ஐந்து பேர் சேர வேண்டும். தலைமாட்டில் ஒருவர் குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்வார், மற்ற நால்வர் இரு பக்கமும் நின்று புரட்டுவோம். அந்த நேரத்தில் அடுத்த கட்டிலில் அலாரம் அடித்தால் ஓட ஆள் இருக்காது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. புதிதாக இத்தனை படுக்கைகள் என்று செய்தி வந்தாலே, பார்த்துக்கொள்ள எத்தனை பேர் என்றுதான் கேட்கத் தோன்றும்.

லண்டனில் ஒரு கண்காட்சி அரங்கை மருத்துவமனையாக்கி 2020 ஏப்ரல் 3 அன்று திறந்தார்கள். 4,000 படுக்கைகள் வரை போடத் திட்டம். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் ஐம்பது சொச்சம் பேர்தான். மற்ற மருத்துவமனைகள் தாக்குப்பிடித்தது ஒரு காரணம். ஐசியூ வேலை தெரிந்த நர்ஸ்கள் போதவில்லை என்பது இன்னொன்று. ஜெர்மனியில் முன்பே லட்சம் பேருக்குச் சுமார் 34 ஐசியூ படுக்கைகள் இருந்தன, இத்தாலியில் ஒன்பதுகூட இல்லை. இத்தாலி, பிரான்ஸ் நோயாளிகளை ஜெர்மனி தன்னிடம் அழைத்துக்கொண்டது.

எனக்கு மனம் நிறைந்தது தென் கொரியாவைப் பார்த்துத்தான். 2020 பிப்ரவரி கடைசியில் டேகு நகரில் லேசான அறிகுறி உள்ளவர்களும் மருத்துவமனைப் படுக்கைகளில் இருந்தார்கள். இடம் கிடைக்காமல் வீட்டிலேயே இறந்தவர்கள் உண்டு. மார்ச் தொடக்கத்திலேயே முறையை மாற்றினார்கள். பயிற்சி மையங்களையும் நிறுவன விடுதிகளையும் எடுத்து, லேசான தொற்று உள்ளவர்களை அங்கே தங்க வைத்தார்கள். மருத்துவர்களும் நர்ஸ்களும் அங்கேயே இருந்து கவனித்தார்கள், மோசமானால் உடனே மருத்துவமனை. கொஞ்சம் பேரே நிறைய பேரைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. எங்களுக்கு அப்படி ஓர் இடம் இருந்திருந்தால் என்று எத்தனை இரவு நினைத்திருப்பேன்!

அப்புறம் தைவான். 14 நாள் தனிமை, செல்போன் சிக்னல் வழியே கண்காணிப்பு, மீறினால் பெரிய அபராதம். ஆனால் சம்பளம் இல்லாமல் ஒழுங்காக உள்ளே இருந்தவர்களுக்கு நாளுக்கு 1,000 தைவான் டாலர் கொடுத்தார்கள்.

எங்கள் வார்டில் ஓர் அம்மா இருந்தார். அவர் மகன் தினக்கூலி. காய்ச்சலை மறைத்து நான்கு நாள் வேலைக்குப் போனதாக போனில் என்னிடம் சொல்லி அழுதார். வீட்டில் இருந்தாலும் கூலி கைக்கு வந்திருந்தால் அந்த மகன் வேலைக்குப் போயிருக்க மாட்டார். அந்த அம்மாவைப் பதினொரு நாள் நான் பார்த்துக்கொண்டேன்.