முதல் கும்பாவும் படிக்கட்டுப் பள்ளமும்

1985-ல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமில், எந்தப் பட்டனை அழுத்தினால் குதிக்கலாம், எதை அழுத்தினால் ஓடலாம் என்று ஆட்டத்தின் நடுவே ஒரு வரிகூடத் திரையில் வராது. கற்றுத்தரும் வேலையை 1-1 என்ற முதல் லெவலின் தரையும் செங்கலும் குழாயுமே செய்துவிடுகின்றன. கேம் டிசைன் பழகுகிறவர்கள் இந்த லெவலை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும்.

மாரியோ திரையின் இடது ஓரத்தில், வலப்பக்கம் பார்த்தபடி நிற்கிறான். இடப்பக்கம் போனால் திரை விளிம்பு தடுக்கும். வலப்பக்கம் வெட்டவெளி. நாலு எட்டு நடந்ததும் ஒரு கேள்விக்குறிப் பெட்டி மின்னுகிறது, எதிரே கும்பா என்ற குட்டி எதிரி வருகிறது. மோதினால் உயிர் போகும். ஆனால் லெவல் தொடங்கிச் சில விநாடிகளே ஆகியிருப்பதால் திரும்ப நடக்க வேண்டிய தூரம் மிகக் குறைவு. தாண்டப் பார்த்து, தூரம் போதாமல் அதன் தலையிலேயே விழுந்தால் கும்பா நசுங்கிவிடும். எதிரியை மிதிக்கலாம் என்பது தவறிப்போன குதியிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து, ஒரு கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் வெளிவருவது காளான். இங்கே ஒரு சிக்கல் உண்டு: காளானும் கும்பாவும் ஏறக்குறைய ஒரே வடிவம். கும்பாவிடம் இப்போதுதான் செத்தவர் காளானைக் கண்டும் ஓடத்தான் பார்ப்பார். அதனால் காளான் முதலில் வலப்பக்கம் விலகிப் போய், கீழே விழுந்து, குழாயில் முட்டி, மாரியோவை நோக்கியே திரும்பி வருகிறது. தலைக்கு மேல் செங்கல் வரிசை. தாண்டிக் குதித்தால் மண்டை இடித்து, காளான் மேலேயே விழ நேரும். தொட்டதும் மாரியோ வளர்கிறான். ஓட நினைத்தவருக்கும் நல்லது நடந்துவிடுகிறது.

லெவலின் கடைசிப் பகுதியில், எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள். நடுவில் இரண்டு கட்டை அகல இடைவெளி, அடியில் கெட்டித் தரை. தவறி விழுந்தால் ஏறி வந்து மறுபடி குதிக்கலாம். சற்றுத் தள்ளி அதே அமைப்பு, அதே அகலம், ஆனால் அடியில் தரை இல்லை. பள்ளங்கள் முன்பே வந்துவிட்டன; ஓட இடமில்லாத படி உச்சியிலிருந்து தாண்டுவதுதான் இங்கே புதிது. அதற்குத்தான் இந்த ஒத்திகை.

விலையை வைத்தும் பாடம் நடத்தலாம். 2009-ல் வந்த பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸில் செடிகளை நட்டு ஜாம்பிகளைத் தடுக்க வேண்டும். செடி வாங்கச் சூரிய ஒளிதான் காசு, அதைத் தருவது சூரியகாந்தி. சூரியகாந்தியை முதலில் நட வேண்டும் என்பதுதான் புதியவர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. தயாரிப்பின்போது அதற்கும் ஜாம்பிகளைச் சுடும் பட்டாணிச் செடிக்கும் ஒரே விலை, 100. பயத்தில் எல்லோரும் பட்டாணியை நட்டுவிட்டு, பிறகு சூரிய ஒளி போதாமல் தவித்தார்கள். வடிவமைப்பாளர் ஜார்ஜ் ஃபேன் சூரியகாந்தியின் விலையை 50 ஆக்கினார். பெரும்பாலான லெவல்கள் கையில் 50 உடன்தான் தொடங்கும். இந்த இரண்டில் உடனே வாங்கக்கூடியது சூரியகாந்திதான்.

2007-ல் வந்த போர்ட்டல் கேமில் ஒரு துப்பாக்கியால் சுவரில் வாசல் திறக்கலாம்; நீல வாசலில் நுழைந்தால் ஆரஞ்சு வாசலில் வெளியே வரலாம். அந்தத் துப்பாக்கியை 02-ஆம் அறையிலேயே தந்துவிடுகிறது. ஆனால் அது நீல வாசலை மட்டும்தான் திறக்கும். ஆரஞ்சு வாசலை எங்கே வைப்பது என்பதை அறையே முடிவுசெய்கிறது. இரண்டும் கைக்கு வருவது 11-இல். ஒரு முனை அசையாமல் இருக்கும்போதுதான் மறுமுனையை மாற்றினால் என்ன ஆகிறது என்று கவனிக்க முடியும். இந்தப் பொறுமை இன்றைய பல கேம்களிடம் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தொடக்கத்திலேயே ஆட்டத்தை நிறுத்தி ஆறு அறிவிப்புப் பெட்டிகளைக் காட்டுகிறார்கள். இரண்டாம் நிமிடம் படித்த பட்டன் நாற்பதாம் நிமிடம்தான் தேவைப்படும், அதற்குள் மறந்திருக்கும்.

நீங்களே ஒரு லெவல் செய்தால், ஓர் அறைக்குப் புதிது ஒன்று போதும். முதலில் ஆபத்தில்லாத இடத்தில், பிறகு ஆபத்தோடு, அதன்பின் பழைய திறனோடு சேர்த்து. புதியதைச் செய்யாமல் கதவு திறக்கக் கூடாது. இல்லாவிட்டால் சுற்றிப் போய்விடுவார்கள். சோதிக்கும்போது ஆடுபவரின் பின்னால் வாய் திறக்காமல் உட்காருங்கள். எந்த இடத்தில் சொல்லிக்கொடுக்க நாக்கு துடிக்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஆடியவர் மறுபடி புதியவராக முடியாது. ஐந்து பேர் கிடைத்தால் ஒரே நாளில் எல்லோரையும் உட்கார வைத்துவிடாதீர்கள். ஒருவர் ஆடியதும் திருத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.