உப்புக்காற்றில் ஒரு கேம்பாய்

கீழக்கரையில் பூட்டுக்கே வருடம் ஒருமுறை எண்ணெய் விடவேண்டும். வாப்பா துபாயிலிருந்து வாங்கிவந்த கேம்பாய் கலர் என்ற கையடக்க வீடியோகேம் கருவி மட்டும் தப்புமா? அலமாரியிலிருந்து எடுத்தபோது பேட்டரி அறையின் கம்பிச்சுருளில் பச்சை பூத்திருந்தது. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, இரண்டு பென்சில் பேட்டரி போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆட்டங்கள் அடங்கிய ஏழு கேட்ரிட்ஜ்களில் இரண்டுதான் ஓடின. மற்றவற்றின் தொடுமுனைகளை, ஒவ்வொன்றிலும் 32, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்ததில் இன்னும் மூன்று பிழைத்தன. பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. ஆனால் சேமித்துவைத்த ஆட்டம் எதுவும் இல்லை. சேமிப்பைக் காக்க உள்ளே பற்றவைத்திருக்கும் பட்டன் பேட்டரி என்றைக்கோ தீர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்ற எனக்குப் பொறுமை கிடையாது. மெமரி கார்டிலிருந்து பல ஆட்டங்களை ஓட்டும் ஃபிளாஷ் கேட்ரிட்ஜ் ஒன்று வாங்கினேன்.

முதல் நாள் வெறும் வெள்ளைத் திரை. தவறு என்னுடையதுதான்: வீட்டில் கிடந்த 64 ஜிபி மெமரி கார்டைச் செருகியிருந்தேன். அந்த அளவுக் கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் வருகின்றன. இதற்கு ஃபேட்32 என்ற பழைய முறை வேண்டும். டெட்ரிஸ் ஆட்டம் முழுவதுமே 32 கிலோபைட். நண்டு பிடிக்க விசைப்படகு எடுத்துப் போயிருக்கிறேன்! பழைய 8 ஜிபி கார்டு போட்டதும் ஆட்டங்களின் பட்டியல் திரையில் வந்தது. இணையத்தில் கிடைப்பதையெல்லாம் அள்ளிப்போட மனம் வரவில்லை. பிழைத்த ஐந்தையும் யுஎஸ்பி கருவி கொண்டு படியெடுத்து ஏற்றினேன்.

இரண்டாம் வாரம் மூன்று மணி நேர ஆட்டம் போயிற்று. நான் வாங்கிய வகையில், சேமிப்பு முதலில் கேட்ரிட்ஜின் நினைவகத்தில்தான் தங்கும். பட்டியலுக்குத் திரும்பினால்தான் கார்டில் எழுதப்படும். மகள் சாப்பிடக் கூப்பிட்டாள், சுவிட்சை அணைத்துவிட்டேன். இப்போது கேம்பாயின் முதுகில் ‘பட்டியல்!’ என்று காகிதம் ஒட்டியிருக்கிறது.

பேட்டரி முன்பைவிடச் சீக்கிரம் இறங்குகிறது. ஆனாலும் கேட்ரிட்ஜைக் கழற்றி மாட்டும் வேலை இல்லாததால் தொடுமுனை தேயாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவைக்கிறேன். திரைக்குப் பின்விளக்கு கிடையாது என்பதால் அஸர் தொழுகைக்குப் பிறகு மொட்டைமாடியில்தான் ஆட்டம்.

மகள் ஜிபி ஸ்டுடியோ என்ற கேம்பாய் ஆட்டம் உருவாக்கும் மென்பொருளில் சொந்தமாக ஒன்று செய்துகொண்டிருக்கிறாள்: கடற்பசு கடற்புல் மேயவேண்டும், வலையில் சிக்கக்கூடாது. நேற்று கார்டில் ஏற்றிப் பார்த்தோம். கடற்பசு இடப்பக்கம் மட்டும்தான் நீந்துகிறது.