தண்ணீர்பள்ளியில் மூன்று வேளை

குளித்தலைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்: காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருவேங்கிநாதர். காவிரியின் தென்கரையில் கடம்பவனேசுவரரைக் காலையில் கும்பிட்டு, ஐயர்மலை ஏறி உச்சி வேளையில் ரத்தினகிரீசுவரரைப் பார்த்து, ஆற்றைத் தாண்டி ஈங்கோய்மலைக்கு அந்தி சாயும் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். கார்த்திகைச் சோமவாரம் என்றால் கூட்டம் அள்ளும். நான் திருச்சியில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். இந்தச் சொலவடையைச் சின்ன வயதிலிருந்தே காதில் வாங்கியிருக்கிறேன்.

அதே குளித்தலையை ஒட்டி, தண்ணீர்பள்ளி என்ற சிற்றூரில், கிறிஸ்தவத் துறவிகளும் காலை, உச்சி, அந்தி என்று மூன்று வேளை கூடிச் செபிக்கிறார்கள். காலையில் சந்தனம், மதியம் குங்குமம், அந்தியில் திருநீறு. அந்த இடத்துக்குச் சாந்திவனம் என்று பெயர். முறையாகச் சொன்னால் சச்சிதானந்த ஆசிரமம்.

நான் அங்கே போனது அம்மா இறந்த பிறகு. பல வருடம் படுக்கையில் இருந்தார். அந்த வருடங்களில் என் செபம் முழுக்க ஒரே விண்ணப்பம்தான்: அம்மா எழுந்து நடக்க வேண்டும். பூண்டி மாதாவிடம் கேட்டேன், வேளாங்கண்ணியில் கேட்டேன், வீட்டில் செபமாலையின் ஒவ்வொரு மணியிலும் அதையே வைத்து உருட்டினேன். அம்மா போனதும் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், எழுந்து நிற்பேன், முழந்தாளிடுவேன், பாடுவேன். உள்ளே யாரும் இல்லாத வீட்டுக்குள் நின்றுகொண்டு பேசுவதுபோல இருக்கும். கடவுள்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட அதைச் சொல்லியாவது செபித்திருப்பேன்.

எங்களுக்குத் தெரிந்த வயதான சிஸ்டர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “சாந்திவனத்துல போய்க் கொஞ்ச நாள் உட்கார்ந்துட்டு வாம்மா. செபம் பண்ணணும்னுகூட இல்ல. சும்மா உட்காரு” என்றார்.

திருச்சியிலிருந்து கரூர் பஸ்ஸில் ஏறினால் பெரும்பாலும் காவிரியை ஒட்டியேதான் பயணம். முக்கொம்பைத் தாண்டிவிட்டால் ஆறு ஒரே அகலமாகக் கிடக்கும். அகண்ட காவிரி என்று சும்மாவா சொன்னார்கள். வாழைத் தோட்டங்கள், தென்னை, இடையிடையே ஆறு. சாலையில் இறங்கி ஆசிரமத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மரங்கள்தான். அவற்றுக்கு நடுவே கோவில். கோபுரம் இருக்கிறது. அதில் மூவொரு கடவுளைக் குறிக்கும் மூன்று முகத் திருவுரு. உள்ளே கருவறைக்கு மேலே விமானம்; அதில் மாதா, இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்), ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) உருவங்கள், தியானத்தில் அமர்ந்த இயேசு. கருவறை இருட்டாக இருக்கும். அந்த இருட்டுக்குள் ஒரு சிறு விளக்கு, நற்கருணைப் பேழை. திருச்சி லூர்து மாதா கோவிலின் உயரத்தையும் வண்ணக் கண்ணாடிகளையும் பார்த்தே பழகிய எனக்கு, தலை குனிந்து தரையில் உட்கார வைத்த அந்தத் தாழ்ந்த மண்டபம் முதல் நாளே பிடித்துப்போனது.

இதை ஆரம்பித்தவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஜூல்ஸ் மொன்ஷானென் 1939இல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்தில் குளித்தலை வட்டாரத்துக் கிராமங்களில் பங்குப் பணி செய்தவர். ஆன்ரி லெ சோ, ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, 1948இல் வந்து சேர்ந்தார். மறு வருடம் தொடக்கத்தில் இருவரும் திருவண்ணாமலை போய் ரமண மகரிஷியைத் தரிசித்தார்கள். லெ சோவை அந்தத் தரிசனம் விடவே இல்லை. பிற்பாடு அருணாசலக் குகைகளிலேயே போய்த் தங்கினார். திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சாவின் அனுமதியோடு, 1950 மார்ச் 21ஆம் தேதி, ஆசீர்வாதப்பர் திருநாளன்று, இருவரும் காவி உடுத்தி இங்கே குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். லெ சோவின் துறவுப் பெயர் அபிஷிக்தானந்தா. திருச்சபையில் பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்கே இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பூசை இன்னும் லத்தீனில் நடந்த காலம்.

எனக்கு இதில் மனதை அறுப்பது அடுத்து நடந்ததுதான். யாரும் வந்து நிலைக்கவில்லை. இந்தியத் துறவிகள் நிறையப் பேர் சேர்வார்கள் என்று நினைத்துத் தொடங்கிய ஆசிரமத்தில் வருடக்கணக்காக இரண்டு பேர்தான். மொன்ஷானென் நோயுற்று, சிகிச்சைக்காகப் பாரிஸ் போய், 1957 அக்டோபரில் அங்கேயே இறந்தார். தான் நட்டது முளைத்ததை அவர் பார்க்கவே இல்லை. லெ சோவும் கடைசியில் இமயமலைப் பக்கம் போய்விட்டார். 1968இல் கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி இரண்டு இந்தியச் சகோதரர்களோடு வந்து பொறுப்பேற்ற பிறகுதான் இடம் தழைத்தது. உலகம் முழுக்கவிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1980களில் ஆசீர்வாதப்பர் வழியில் வந்த கமால்டோலி சபையோடு ஆசிரமம் இணைந்தது. இன்று நாம் போய் நிழலில் உட்காருகிறோம் என்றால், பலன் காணாமலே செபித்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் வருடங்கள்மேல்தான் உட்காருகிறோம். என் வேண்டுதல் நிறைவேறாத துக்கத்தோடு போன எனக்கு மொன்ஷானென் மிக நெருக்கமாகிவிட்டார்.

விடிவதற்கு முன்னால் மணி அடிக்கும். யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். எழுந்து ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் போவார்கள், கோவிலில் உட்காருகிறவர்கள் உட்காருவார்கள். சூரியன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் அங்கே தியானத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. முதல் நாள் எனக்கு அது பெரும் பாடாக இருந்தது. கண்ணை மூடினால் அம்மாவின் மாத்திரை டப்பா, ஈரத் துணி, இரவில் அவர் கூப்பிடும் குரல், எல்லாம் வரிசையாக வந்தன. யாரிடம் சொல்வது? பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு பிரதர். அவர்கள் அசையாததால் நானும் எழுந்து போகவில்லை. தனியாக வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பேன். அமைதி என்பது தனியாக இருந்து சம்பாதிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எனக்குச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தியானம் முடிந்து காலைச் செபமும் திருப்பலியும். காணிக்கை நேரத்தில் குரு பீடத்தைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார். அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டுப் பூ வைப்பார். பிறகு சாம்பிராணி, அதன் பின் கற்பூர ஆரத்தி. நீரும் நிலமும் காற்றும் நெருப்பும் பலிப் பொருளாகப் பீடத்துக்கு வந்துவிடுகின்றன. “நிலமும் மனித உழைப்பும் தந்த பயன்” என்று எல்லாக் கோவிலிலும் காணிக்கைச் செபத்தில் கேட்பதுதான். பீடத்துக்குப் பின்னால் ஆற்று வாடை அடிக்கும்போது அந்த வரிக்கு உயிர் வந்துவிடுகிறது.

செபத்தில் சமஸ்கிருத சுலோகம் வரும், உபநிடத வாசகம் வரும், தமிழில் திருப்பாடல்களும் பஜனைப் பாட்டும் வரும். ஒன்றை மனம் விட்டுச் சொல்லிவிடுகிறேன். காயத்ரி மந்திரம் எனக்குள் இறங்கவில்லை. தமிழ்த் திருப்பாடல் இறங்கியது. இந்த வகை ஆசிரமங்கள் உயர்சாதி மரபை மட்டும் இந்திய மரபு என்று எடுத்துக்கொண்டன என்று தலித் இறையியலாளர்கள் வைக்கும் விமரிசனத்தை நான் படித்திருக்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது. நம் ஊர்த் திருச்சபையில் பெரும்பாலானவர்களுடைய பாட்டன் பூட்டனை வேதம் ஓத யார் விட்டார்கள்? பறையும் ஒப்பாரியும் இன்னும் அதிகமாக அந்த மண்டபத்துக்குள் வர வேண்டும் என்பது என் ஆசை. அதே சமயம், இன்னொரு பக்கத்தார் “இது கிறிஸ்தவமே இல்லை” என்று சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தப் பீடத்தில் நான் வாங்கியது என் ஆண்டவரின் உடல்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எங்கள் சித்தி ஒருத்தி, நான் திரும்பி வந்ததும் தணிந்த குரலில் கேட்டார்: “அங்க திருநீறு பூசி விடுவாங்களாமே?” ஆமாம், அந்தி வேளைச் செபத்தில் பூசுவார்கள். உள்ளே இருக்கும் கசடெல்லாம் எரிந்துபோன பிறகு மிஞ்சும் சுத்தத்துக்கு அது அடையாளம். காலையில் கையில் வாங்கும் சந்தனம் இறையருளின் மணம். மதியம் புருவ மத்தியில் வைக்கும் குங்குமம் உள்ளே திறக்க வேண்டிய ஞானக் கண். சாம்பல் புதனன்று வருடத்துக்கு ஒரு தடவை நெற்றியில் வாங்கிக்கொள்ளும் நமக்கு, தினமும் அந்தியில் வாங்குவது ஏன் விநோதமாகப் பட வேண்டும்? அம்மாவை அடக்கம் செய்த மண்ணை நினைத்துக்கொண்டே அந்தச் சாம்பலை வாங்கினேன். முதல் தடவை கை நடுங்கியது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு காய் நறுக்கக் கூப்பிடுவார்கள். இஷ்டப்பட்டவர்கள் போகலாம். இதை யாரும் ஆன்மிகம் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்கு அதுவும் செபம்தான். வட்டமாக உட்கார்ந்து பூசணியும் பீன்ஸும் நறுக்குவோம். என் பக்கத்தில் உட்கார்ந்த ஊர் அம்மா ஒருவர், “யாரு கண்ணு தவறிட்டாங்க?” என்று கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. “அம்மா” என்றேன். “ம்” என்றார், அடுத்த பூசணிக் கீற்றை என் பக்கம் தள்ளினார். சாப்பாடு தரையில் பந்தியாக. முதலில் பாட்டு, அப்புறம் சோறு. தட்டை அவரவர் கழுவி வைக்க வேண்டும்.

பீட் கிரிஃபித்ஸின் கல்லறை கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. 1993 மே 13 அன்று இந்த ஆசிரமத்திலேயே காலமானார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், அறிவால் எதையும் ஆராய்ந்து பார்த்தவர். 1990 ஜனவரியில் குடிசை வராந்தாவில் தியானத்தில் இருந்தபோது பக்கவாதம் தாக்கியது. பல நாள் பேச்சில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னது, அன்னையிடம் உன்னை ஒப்புக்கொடு என்ற தூண்டுதல் தனக்குள் எழுந்தது, அப்படி ஒப்புக்கொடுத்தபோது அன்பு தன்னை வெள்ளமாக மூடியது என்று. எண்பது வயதைத் தாண்டிய பிறகு வந்த அனுபவம். இதை ஆசிரமத்து நூலகத்தில் படித்துவிட்டு எழுந்து வெளியே போய், அவர் கல்லறைக்குப் பக்கத்தில் வெகு நேரம் நின்றேன். என் அம்மாவும் பக்கவாதத்தில்தான் விழுந்தார். பேச்சு போன அந்த வருடங்களில் அவருக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது என்பதே அப்போதுதான் உறைத்தது. குணமாக்கும்படி நான் கெஞ்சிக்கொண்டிருந்த அதே படுக்கையில், கடவுளும் அம்மாவும் எனக்குத் தெரியாமல் ஏதாவது பேசியிருக்கலாம். அந்த எண்ணம் வந்த பிறகு அன்றைய அந்தித் தியானத்தில் எனக்கு மாத்திரை டப்பா வரவில்லை. கேட்க எதுவும் இல்லாமல் ஆண்டவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவரும் இருந்தார். அவ்வளவுதான், வேறு காட்சியோ குரலோ கிடையாது. வெகு காலத்துக்குப் பிறகு அழுதேன், பஜனைப் பாட்டையும் வாய் விட்டுப் பாடினேன்.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். எளிய அறை, சைவச் சாப்பாடு, கொசுவும் உண்டு. எந்த மதத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனால் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு முடிந்துவிடும். மூன்று வேளையும் உட்கார்ந்து, மறுநாளும் உட்கார வேண்டும்.

வீட்டில் இப்போது அப்பாவும் நானும் மட்டும். மாலை செபமாலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருகிறோம். ஆரம்பத்தில் அப்பா, “என்ன, தொடங்கலையா?” என்று கேட்பார். இப்போது அவரே டிவியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார். வருகிற தவக்காலத்தில் அவரையும் தண்ணீர்பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். முழங்கால் வலியோடு தரையில் உட்கார முடியாதே, நாற்காலி கிடைக்குமா என்று எழுதிக் கேட்டிருந்தேன். போட்டு வைக்கிறோம், கூட்டிக்கொண்டு வாங்கள் என்று பதில் வந்திருக்கிறது.