லாகின் ஆகிறது, லிஸ்ட் வரவில்லை

எங்கள் அச்சகத்துக்குப் பதிப்பகங்களிலிருந்து புத்தகப் பிடிஎஃப்கள் எஃப்டிபி (கணினிகளுக்கிடையே ஃபைல் அனுப்பும் முறை) வழியாகத்தான் வரும். ஒவ்வொன்றும் 400, 500 எம்பி. பல வருஷமாகச் சிக்கல் இல்லை. பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே போகிறதே என்ற உறுத்தலில், ஒரு சனிக்கிழமை எங்கள் லினக்ஸ் சர்வரின் எஃப்டிபி மென்பொருளான விஎஸ்எஃப்டிபிடியில், போகிற தகவலை மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் போட்டேன். திங்கள் காலை ஒரு பதிப்பகத்திலிருந்து முதல் போன்: "அண்ணே, உள்ளே போக முடியுது, ஆனா ஒரு ஃபோல்டரும் தெரியல."

அச்சகத்துக்குள்ளிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. லேப்டாப்பை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்ததும்தான் அவர் சொன்னது புரிந்தது. லாகின் ஆகிறது, 20 விநாடி அப்படியே நிற்கிறது, பிறகு அறுந்துவிடுகிறது. எஃப்டிபி சர்வரோடு இணைக்க உதவும் ஃபைல்ஜில்லாவின் லாகில் 227 என்று தொடங்கும் வரியில் ஆறு எண்கள்: 192,168,1,10,171,52. முதல் நான்கும் சர்வரின் உள் முகவரி, வெளியிலிருந்து எட்டாதது. கடைசி இரண்டும் போர்ட், அதாவது இணைப்பு நுழையும் வாசலின் எண்: 171ஐ 256ஆல் பெருக்கி 52ஐக் கூட்டினால் 43828. மறுபடி இணைத்தால் வேறு எண்.

எஃப்டிபியில் கட்டளைகள் 21ஆம் போர்ட்டில் போகும். லிஸ்ட்டும் ஃபைலும் வர, பேசிவ் முறையில் சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு போர்ட்டைத் திறந்து அதன் எண்ணைச் சொல்லும். இத்தனை நாளும் எங்கள் ரவுட்டர் அந்த 227 வரியைப் படித்து, முகவரியைத் திருத்தி, போர்ட்டையும் தானே திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. டிஎல்எஸ் வந்தபின் அதனால் எதையும் படிக்க முடியவில்லை. ரவுட்டர் செய்த வேலையை இனி நான்தான் செய்ய வேண்டும்.

விஎஸ்எஃப்டிபிடியின் கான்ஃபிக் ஃபைலில் பேசிவ் போர்ட்டின் கீழெல்லை 50000, மேலெல்லை 50100, முகவரி எங்கள் பொது ஐபி என மூன்று வரி எழுதினேன். ரவுட்டரில் 21ஐயும் இந்த வரம்பையும் சர்வருக்குத் திருப்பிவிட்டேன். முதலில் பத்து போர்ட் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஃபைல்ஜில்லாவில் ஒருவரே ஒரே நேரத்தில் 10 பரிமாற்றம் வரை வைத்துக்கொள்ளலாம். நான்கு பதிப்பகங்கள் சேர்ந்து அனுப்பினால் தாங்காது.

ஒரு விஷயத்தை நல்லவேளை அன்றே கவனித்தேன். லினக்ஸ் தன்னிடமிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கு 32768 முதல் 60999 வரை உள்ள போர்ட்களைத்தான் எடுக்கும். என் 50000 அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சர்வர் இரவில் பேக்கப் அனுப்பும்போது என் போர்ட் ஒன்றை எடுத்துக்கொண்டால் எப்போதாவது ஒருமுறை காரணமே தெரியாமல் தகராறு செய்யும். அப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் மகா கஷ்டம். அதனால் லினக்ஸின் உள் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் 'லோக்கல் ரிசர்வ்ட் போர்ட்ஸ்' என்ற இடத்தில் 50000-50100 என்று எழுதி ஒதுக்கி வைத்தேன்.

ஹாட்ஸ்பாட்டில் லிஸ்ட் வந்துவிட்டது. போன் செய்த பதிப்பகத்தில் மட்டும் வரவில்லை. அங்கே வெளியே போகும் இணைப்புகளுக்கும் ஃபயர்வால் உண்டு. கணினி பார்க்கும் தம்பியிடம் விதியை வாசிக்கச் சொன்னேன். 50000-50100ஐ சோர்ஸ் போர்ட்டாக, அதாவது இணைப்பு கிளம்பும் பக்கத்துப் போர்ட்டாகப் போட்டிருந்தார்.

"தம்பி, அது உங்க பக்கம். உங்க விண்டோஸ் 49152லேருந்து 65535 வரைக்கும் தனக்குப் பிடிச்சதை எடுத்துக்கும், அதைக் கட்டிப்போடாதீங்க. டெஸ்டினேஷன்ல, அதாவது போய்ச் சேர்ற எங்க பக்கத்துல, 21, அப்புறம் 50000-50100 போடுங்க."

"பதில் திரும்பி வர்றதுக்கு தனியா ஒண்ணு திறக்கணுமா சார்?"

"வேண்டாம். உள்ளேயிருந்து கிளம்பின இணைப்போட பதிலை ஃபயர்வாலே அடையாளம் கண்டு விட்டுடும்."

விதியை மாற்றிவிட்டு போனைக் கட் பண்ணாமலே இணைத்தார். "வந்துருச்சு சார், 12 ஃபோல்டர்" என்றார். மற்ற மூன்று பதிப்பகங்களுக்கும் போர்ட் எண்களை, எந்தப் பக்கம் எது என்று பிரித்து எழுதி அன்று மதியமே மெயில் அனுப்பிவிட்டேன்.