ஈயின் முதுகை மட்டும் படம் எடுத்து ஏமாந்தேன்

5 மி.மீ. நீளம்கூட இல்லாத ஒரு பச்சை ஈக்குப் பேர் கண்டுபிடிக்க எனக்கு 3 வாரம் ஆனது. அதுவும் பாதிப் பேர்தான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் ஒரு செம்பருத்தி இருக்கிறது. அதன் இலையில் வந்து நிற்கும். தகதகவென்று பச்சை, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். மொபைலில் மேக்ரோ லென்ஸை மாட்டி 40 படம் எடுத்து, உயிரினங்களின் பேர் கண்டுபிடிக்க உதவும் ஒரு ஆப்பில் ஏற்றினேன். ஆப் காட்டிய முதல் பேரையே ஆசையாக ஒப்புக்கொண்டேன். மறுநாள் அதே ஆப்பில் ஒருவர், 'அது அமெரிக்காவில் இருக்கிற ஈ. பக்கவாட்டுப் படம் இருக்கா? இறக்கை நரம்பு தெரியுதா?' என்று கேட்டார். என்னிடம் இருந்த 40-ம் முதுகு! எல்லா ஜெராக்ஸையும் எடுத்துப்போய் ஆதாரை வீட்டில் விட்டவன் கதைதான்.

ஃபிளாஷ் போட்டுப் பார்த்தேன். இந்த வகை ஈ மின்னல் வேகம். வெளிச்சம் பட்டதுமே கிளம்பிவிடுகிறது. படத்தில் வெறும் இலை. எதிர்மாடி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே, "இன்னா தம்பி, ஈயையா போட்டோ புடிக்கிற? காசிமேடு பக்கம் வா, கூடை கூடையா கீது" என்றார்.

மச்சானின் நல்ல போனில் ஒருவழியாகப் பக்கவாட்டில் ஒன்று விழுந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினார், ஏற்றினேன். எடுத்த தேதி இல்லை, இடம் இல்லை, நரம்பெல்லாம் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது. அப்படி வாங்காதீர்கள், டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். எனக்குத் தெரிவதற்குள் அவர் போனில் இடமில்லை என்று அழித்தே விட்டார்.

அந்தக் கோபத்தில் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி எண்ணூர் போனேன், வேறு ஈயாவது கிடைக்கும் என்று. போனது பகல் 11 மணிக்கு. கடற்காற்றில் செடி ஒரு இடத்தில் நின்றால்தானே? திரும்பும்போது தேங்கின சாக்கடை ஓரம் வெட்டுக்காயப் பூண்டுப் பூவில் ஒரு 'தேனீ'. கிட்டே போனால் உணர்கொம்பு குட்டையாக, இறக்கை 2 மட்டும். தேனீக்கு 4 இருக்கும். கண்ணில் கோடு கோடாக வரி வேறு! இந்த முறை மேலே, பக்கம், முகம் மூன்றும் எடுத்தேன். அன்று ராத்திரியே பதில் வந்தது: எரிஸ்டாலினஸ், மலரீ வகை. அதன் புழு சாக்கடைத் தண்ணீரில் வால்போன்ற குழாயை மேலே நீட்டி மூச்சு விடுமாம். எங்கள் ஏரியாவில் அதற்கென்ன குறை!

பச்சை ஈ கடைசியில் காலை 6 மணிக்குச் சிக்கியது. வெயில் ஏறுமுன் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. இலை மட்டத்துக்கு மொபைலைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்து எடுத்த படத்தில் இறக்கையின் ஒரு நரம்பு கிளை பிரிந்து முன்பக்கமாக வளைவது சுத்தமாகத் தெரிந்தது. அதை வைத்து டோலிகோபோடிடே என்கிற நீளக்கால் ஈக் குடும்பத்தில் சயாபோடினே என்ற துணைக்குடும்பம் வரை வந்தாயிற்று. அதற்கு மேல் போக ஆண் ஈயின் வால்நுனி உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஈயைக் கொல்ல வேண்டும். செம்பருத்தியில் அசுவினியைத் தின்றுகொண்டிருப்பதை நான் ஏன் கொல்லப்போகிறேன்?