நீச்சலும் பாட்டும்: மகளின் கல்லூரி அட்மிஷன் அனுபவம்

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். மகள் பட்டர்ஃப்ளை என்ற நீச்சல் வகையில் நீந்துவாள். சிறு வயதிலிருந்தே கர்நாடக சங்கீதமும் பாடுகிறாள். பதினோராம் வகுப்பு வந்ததும் ஒன்றை விட்டுவிடச் சொல்லித்தான் எல்லோரும் அறிவுரை சொன்னார்கள். எதையும் விடாமலே இடம் கிடைத்தது.

கல்லூரி நீச்சல் கோச்சுகள் பார்ப்பது ஒன்றே ஒன்று: நூறு யார்டு பட்டர்ஃப்ளையில் எத்தனை விநாடி? அவர்களுக்கு எழுதும் மெயிலின் தலைப்பிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, நீச்சல் பிரிவு, நேரம் மூன்றையும் போட்டுவிட வேண்டும். பாட்டுக்குக் கடைசியில் ஒரு வரி போதும்.

அவளுடைய நேரத்துக்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவான 'டிவிஷன் மூன்று' கல்லூரிகள்தான் பொருத்தம். அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனால் பல கல்லூரிகளில் கோச்சின் ஆதரவுக்கு அட்மிஷன்ஸ் ஆபீஸில் நல்ல மதிப்பு உண்டு. பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் 'ப்ரீ-ரீட்' நடக்கும். மதிப்பெண்களையும் அடுத்த வருடப் பாடப் பட்டியலையும் கோச் வாங்கி அட்மிஷன்ஸ் ஆபீஸில் கொடுப்பார். "நன்றாக இருக்கிறது" என்று பதில் வந்தாலும் அது இடம் கிடைத்ததாக ஆகாது. அதற்குப் பிறகு கேட்க வேண்டியதை நேராகக் கேட்டுவிடுங்கள்: "நான் ஏர்லி டிசிஷனில் (ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) விண்ணப்பித்தால் ஆதரிப்பீர்களா? போன வருடம் நீங்கள் ஆதரித்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது?" இதைப் பிள்ளைதான் கேட்க வேண்டும், பெற்றோர் அல்ல. ஒரு கோச் இதற்கு மழுப்பினார். அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

பாட்டுக்கு வழி தனி. பல கல்லூரிகள் இசைப் பதிவுகளை விண்ணப்பத்தோடு ஏற்கின்றன. இசைத் துறையினர் கேட்டுக் கருத்து சொல்வார்கள். ஆனால் கர்நாடக சங்கீதத்தைக் கேட்டு எடைபோடத் தெரிந்தவர் எத்தனை கல்லூரிகளில் இருப்பார்? அந்தக் கேள்விதான் எங்களைக் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. 1960களிலிருந்தே அங்கே நம் சங்கீதம் கற்றுத் தருகிறார்கள். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அங்கே ஆசிரியர்களாக இருந்தவர்கள். ஆண்டுதோறும் நவராத்திரி விழா நடக்கிறது, அதுவும் நீச்சல் போட்டிகள் ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிடும். இதெல்லாம் தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

போய்ப் பார்த்தபோது குளத்துப் பயிற்சி நேரத்தையும் பாட்டு வகுப்பு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இடிக்கவில்லை. நீச்சல் அணியில் இருந்தபடியே இசைக்குழுவிலும் இருப்பவர்கள் உண்டா என்று அவள் அணியினரிடமே விசாரித்தாள். கோச்சிடம் கேட்பதைவிட இதில்தான் உண்மை தெரியும்.

அப்புறம் பணம். ஏர்லி டிசிஷனில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். அதனால் கோச்சுக்குச் சரி சொல்லும் முன்பே, உதவி போக நாம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று கணக்கிட்டுக் காட்டும், கல்லூரி இணையதளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் வீட்டு வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். நிதி உதவி அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்கலாம், பதில் சொல்கிறார்கள்.