மேலங்கி

கண்ணாடியின் ஒரு காது உடைந்துவிட்டதால், இன்று காலை அம்மாவுக்கு நான்தான் வேதம் வாசித்தேன். இரண்டாம் தீமோத்தேயு, அப்போஸ்தலன் பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதம், கடைசி அதிகாரம்.

சிறையிலிருந்து பவுல் கேட்கிறார்: துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கி வேண்டும். புஸ்தகங்களும். மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு.

பாவம், குளிர்ந்திருக்கும்.

அதற்கு இரண்டு வசனம் முன்னாலே, மாற்குவையும் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்துக்கு உதவுவான் என்கிறார்.

அம்மா நிறுத்தினாள். "பம்பிலியாவுல பாதியில விட்டுட்டுப் போனானே, அவனா?"

அவனேதான். ஊழியப் பயணத்தில் பவுலையும், கூடப் போன பர்னபாவையும் பாதியில் விட்டுப்போனவன். அவனை மறுபடி கூட்டிப்போவதா என்றுதான் இருவரும் சண்டைபோட்டுப் பிரிந்தார்கள். பர்னபா அவனை விடவில்லை. கப்பலேற்றிச் சீப்புருத் தீவுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே என்ன நடந்தது? இந்தச் சண்டையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அந்த வருஷங்களைத்தான் வாசிக்க ஆசை.

"சரி, மேல வாசி" என்றாள் அம்மா.